மறைத்து வளர்த்த நோய்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் நல்வாழ்வு அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் பேசுதற்குரிய பொருள்தானா இது என விழாக் குழுவினருள் சிலர் ஐயுற்றதாக அறிந்தோம். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் தோன்றுகின்ற மரு, அது ஆண்டுக்கணக்கில் மருத்துவம் இன்றிக் கிடந்து புற்றாக மாறுதல், பின்னர் அதனை அறுத்து அகற்றுதல் ஆகியவற்றைத் தாயும் மகளும் அருகருகே அமர்ந்திருக்கும் அவையில் எடுத்துரைப்பது எளிதன்று. ஆயினும் இப்பொருளைத் தருமாறு நாமே கேட்டுப் பெற்றோம். அரசு மருத்துவமனைகளில் அறுவை மருத்துவராய்க் கழித்த ஆண்டுகளில், உயிர் காக்கக்கூடிய நிலையில் தொடங்கி உயிர் காக்க இயலாத நிலையில் நம் மேசைக்கு வந்து சேர்ந்த நோய்களுள் இதனைப்போல் நம்மை வருத்தியது பிறிதொன்றில்லை. ஏனைய நோய்களில் நோயாளிக்குத் தெரியாமல் நோய் வளர்கிறது. இதிலோ அவர் நாள்தோறும் கண்டும் தொட்டும் அறிந்திருக்கிறார். பிறரிடம் சொல்லாமல் இருக்கிறார்.

மரு என்றால் நம் ஊர்களில் எவரும் அஞ்சுவதில்லை. கைவிரலில் வந்தால் குதிரைவால் மயிர்கொண்டு இறுகக் கட்டுவர். சுண்ணாம்பும் சவுக்காரமும் குழைத்து வைப்பர். கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொள்வர். சில காலத்தில் அது தானே உதிர்ந்தும் விடுகிறது. பெருமை குதிரை மயிருக்கோ மிளகுக்கோ போய்ச் சேரும். உண்மையில் உடம்பின் எதிர்ப்பாற்றல் அந்த நச்சுயிரியை அடக்கிவிட்டது என்பதே செய்தி. இதே மரு மறைவிடத்தில் வந்தால் அதே சுண்ணாம்பை அங்கும் வைக்கின்றனர். சேங்கொட்டைப் பாலைத் தடவிப் புண்ணாக்கிக்கொண்டவர்களையும் கண்டுள்ளோம். அவ்விடத்துத் தோல் கைவிரல் தோல் போன்றதன்று. புண்ணின்மேல் புண்ணாகி, ஈரமும் வியர்வையும் சேர்ந்து, மரு பன்மடங்காகப் பெருகுகிறது.

இந்த மருவுக்குக் காரணம் மனித பாப்பிலோமா வைரஸ் என்னும் நச்சுயிரி. ஆங்கில முதலெழுத்துகளால் எச்.பி.வி. எனச் சுருக்கமாக வழங்குவர். இதில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் மிகப் பெரும்பாலானவற்றை உண்டாக்குபவை 6, 11 என எண்ணிடப்பட்ட வகைகள். இவை பொதுவாகப் புற்றை விளைவிப்பதில்லை. 16, 18 ஆகிய வகைகள் வேறு தன்மையன. கருப்பை வாய்ப் புற்றுக்கு முதன்மையான காரணம் இவையே. இவ்விரண்டையும் 1983, 1984 ஆம் ஆண்டுகளில் புற்றுத் திசுவிலிருந்து பிரித்துக் காட்டிய செருமானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாசன் அவர்களுக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மருவில்தான் காரணம் இருக்கிறது என்று அவர் முதலில் கூறியபோது அவருடைய துறையினர் பலர் ஏற்கவில்லை.

ஈண்டு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறோம். இது குடும்பங்களைக் காக்கின்ற செய்தி. உடலுறவால் பரவுவது இந்நச்சுயிரி என்பது உண்மை. ஆனால் உடலுக்குள் புகுந்தபின் பல திங்கள், சிலரிடத்தில் பல ஆண்டுகள், எவ்வித அறிகுறியும் காட்டாமல் உறங்கிக் கிடக்க வல்லது. ஆகவே இன்று மனைவியின் உடலில் மரு கண்டால், அது நேற்றைய பிழைக்குச் சான்றாகாது. கணவனிடமிருந்து வந்திருக்கலாம், அவனுக்கு மணத்திற்கு முன்னரே வந்திருக்கலாம், அவன் உடலில் ஒரு மருவும் தோன்றாமலேயே இருக்கலாம். மருவைக் காரணங்காட்டி மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிய ஒருவனை அழைத்துப் பரிசோதித்தபோது, அவனுடைய முன்தோலின் உட்புறத்திலேயே மூன்று மருக்கள் இருந்தன. அவன் அதுவரை பார்த்ததே இல்லையாம்.

இந்நச்சுயிரி புகுந்தவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பே அதனை வென்றுவிடும். எஞ்சியோரிடம் தங்கிவிடுகிறது. எதிர்ப்பாற்றல் குறைந்தோரிடம் தங்குவது மிகுதி. எய்ட்சுக்குக் காரணமான எச்.ஐ.வி. நோய்த்தொற்று உடையோர், சிறுநீரக மாற்று செய்துகொண்டு அதற்குரிய மருந்தை உண்போர், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோர், புகை பிடிப்போர் ஆகியோர் இத்தகையர். கருவுற்ற பெண்களுக்கும் அக்காலத்தில் மரு திடுமெனப் பெருக்கும். பேறுகாலம் கழிந்தபின் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

சிறு மருவாய் இருக்கையில் இதற்குச் செய்ய வேண்டிய மருத்துவம் மிக எளிது. மருந்து தடவிக் கரைக்கலாம், குளிர்வித்து உறையச் செய்யலாம், மின்சூட்டால் சுட்டுவிடலாம். புறநோயாளிப் பிரிவில் கால் மணி நேர வேலை. பொடோபில்லின் என்ற பழைய மருந்தை மட்டும் கருவுற்ற பெண்களுக்குத் தடவலாகாது. மரு மீண்டும் தோன்றுவதுண்டு. மீண்டும் வந்து சுட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

அந்தக் கால் மணி நேரத்திற்கு வராதவர்களைப் பற்றியே இனிக் கூறப் போகிறோம்.

1925-இல் செருமனியில் ஆபிரகாம் புஷ்கே, லுட்விக் லோவன்ஸ்டைன் என்னும் இரு மருத்துவர்கள், காலிபிளவர் போலப் பெருத்துப் படர்ந்து கீழுள்ள தசையை அழுத்தி அரித்துச் செல்லும் ஒருவகைப் பெருமருவை விரித்து எழுதினர். இன்றும் அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது. புஷ்கே யூதர். பிறப்பின் பெயரால் மனிதரைப் பிரித்த நாஜி ஆட்சி அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைத்தது; 1943-இல் அங்கேயே அவர் உயிர் நீத்தார். இவ்வரங்கில் அமர்ந்திருப்போர்க்கு அச்செய்தியை விளக்க வேண்டியதில்லை.

இப்பெருமருவின் இயல்பு விந்தையானது. சாதாரண மரு தோலின்மேல் நிற்கும். இதுவோ மேலே வளர்வதோடு கீழேயும் இறங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் புற்று என்று சொல்லுதற்குரிய அடையாளங்கள் குறைவு. ஆனால் நடத்தை புற்றினுடையதே. சிறுநீர்க்குழாயைத் துளைக்கும், ஆசனவாயைச் சுற்றிலும் புரையோடும், நாற்றமும் சீழும் கொண்டு மனிதனைத் தனிமைப்படுத்தும். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பொதுவில் பரவுவதில்லை. ஆனால் நாட்பட விட்டால் அதன் உள்ளே எங்கேனும் ஓரிடத்தில் மெய்யான புற்று தோன்றுகிறது. பல நாட்டு மருத்துவர் வெளியிட்ட தொகுப்புகளில், மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப் பேர் வரை இவ்வாறு மாறியதாகக் காண்கிறோம். புகையிலை அடக்குவோரின் கன்னத்தில் வெண்மையாய் மருப்போல் தடித்து வளரும் ஒருவகைப் புற்றை நம் பக்கத்தில் பலர் பார்த்திருப்பீர்கள். 1948-இல் அமெரிக்க மருத்துவர் அக்கர்மன் வரையறுத்த அப்புற்றும் இதுவும் உறவினர் என்றே கொள்ளலாம்.

நாம் பணியாற்றிய ஓர் அரசு மருத்துவமனைக்கு, திருப்பூர் வட்டாரத்திலிருந்து துப்புரவுப் பணியாளர் ஒருவர் வந்தார். வயது நாற்பதுக்கும் சற்று மேல். உட்கார மாட்டாமல், புறநோயாளிப் பிரிவின் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். ஆசனவாயைச் சுற்றி ஓர் உள்ளங்கையளவுக்கு மரு பரவியிருந்தது. எத்தனை ஆண்டுகள் என்று வினவினோம். ஒன்பது ஆண்டுகள் என்றார். "மூலமுன்னுதானுங்க நெனச்சுட்டு இருந்தனுங்க" என்றார்.

அவர் நினைத்ததில் வியப்பில்லை. பேருந்து நிலையச் சுவர்களில் எல்லாம் 'மூலம், பவுத்திரம், அறுவையின்றிக் குணம்' என்ற விளம்பரத்தைக் காண்கிறோம். மாதம் ஒருநாள் விடுதி அறையில் தங்கி மருத்துவம் பார்க்கும் அவர்களிடம் இவர் பல ஆண்டுகள் பணம் கட்டியிருக்கிறார். ஒருவர் ஊசி போட்டிருக்கிறார். ஒருவர் காரமருந்து வைத்திருக்கிறார். தசையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியவர் ஒருவருமில்லர். இடையில் ஒருமுறை முறையான மருத்துவமனை ஒன்றுக்கும் சென்றிருக்கிறார். அங்கே அவர் தொழிலைக் கேட்டறிந்தபின், வேட்டியை விலக்கிப் பார்க்காமலேயே களிம்பு எழுதிக் கொடுத்தனராம். அதனைச் சொல்லும்போது அவர் குரலில் சினம் இல்லை. அதுதான் நமக்குப் பெருந்துயரமாக இருந்தது. அடுத்த மருத்துவமனைக்குச் செல்ல அவருக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

இத்தகைய நோயாளி வந்தால் கத்தியை உடனே எடுப்பதில்லை. எச்.ஐ.வி., மேகநோய், சர்க்கரை ஆகியவற்றுக்கு முதலில் இரத்தம் சோதிக்க வேண்டும். பிறகு மயக்கம் கொடுத்து, வலியின்றி முழுமையாகப் பார்க்க வேண்டும். விழித்திருக்கும் மனிதனிடத்தில் வலியாலும் கூச்சத்தாலும் பாதிகூடப் பார்க்க இயலாது. அப்போதே பல இடங்களில் ஆழமாகத் தசைத்துண்டு எடுத்துத் திசுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மேற்புறத்தில் கிள்ளி எடுத்த துண்டு 'வெறும் மரு' என்றே விடை தரும். அடியில் புற்று ஒளிந்திருக்கும். இந்த ஒரு பிழையால் ஏமாந்த மருத்துவர்கள் உண்டு. நாமும் ஒருமுறை ஏமாந்தோம். ஆழம் அறிய எம்.ஆர்.ஐ. படம் பெரிதும் உதவுகிறது. பெருமருவென்று தோன்றுவது வேறு நோயாகவும் இருக்கலாம். டோனவனோசிஸ் என்னும் பால்வினைப் புண்ணும் இதனைப் போலவே சதை வளர்ந்து காணும். அதற்கு மருந்தே போதும். அந்நோய் பற்றி 1954-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நூலை எழுதியவர்கள் சென்னைப் பொது மருத்துவமனையின் மருத்துவர்களான ஆர். வி. இராஜம், பி. என். ரங்கையா ஆகியோர் என்பது தமிழகம் பெருமை கொள்ளத்தக்கது.

நம் நோயாளிக்கு வந்த விடை இருதிறமாக இருந்தது. பெரும்பகுதி பெருமரு, இடப்புறத்து ஆழத்தில் ஒரு சிறு பகுதி புற்று. மலவாயைச் சுருக்கி விரிக்கும் தசையை அது இன்னும் தொடவில்லை.

இவ்விடத்தில் அறுவை மருத்துவர் இரண்டு அச்சங்களுக்கிடையே நிற்கிறார். குறைவாக அறுத்தால் நோய் மீளும். நிறைய அறுத்தால் அம்மனிதர் வாழ்நாள் முழுவதும் மலத்தை அடக்க மாட்டாதவராவார். கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகற்றுவது பொது வழக்கு. அடியில் கொழுப்பு வரை செல்ல வேண்டும். அவ்வாறு அகற்றியபின் இரு கையளவுப் பள்ளம் ஒன்று எஞ்சும். அதனைத் தானே ஆறவும் விடலாம். தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டலாம். புட்டத்துச் சதையைத் தோலோடு திருப்பி மூடலாம். ஒட்டிய தோலின்மேல் மலம் பட்டால் எல்லாம் வீண். ஆதலின் சிலருக்குப் பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றில் துளையிட்டு வெளியே கொணர்ந்து, பை பொருத்தி, சில திங்கள் மலத்தை அவ்வழியே திருப்பிவிடுகிறோம். புண் ஆறியபின் அதனை மீண்டும் உள்ளே வைத்து மூடிவிடலாம். சுருக்குத் தசையையும் மலக்குடலையும் புற்று அரித்திருந்தால், முற்காலத்தில் இரண்டையும் சேர்த்து அகற்றி நிலையான துளையே வைத்தனர்.

அந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவர் நார்மன் நிக்ரோ. அறுவைக்கு முன்பாகக் கதிரியக்கமும் இரு மருந்துகளும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். 1974-இல் அவர் எழுதிய முதற் கட்டுரையில் நோயாளிகள் மூவரே. இருவருக்கு அறுவை செய்து எடுத்த உறுப்பில் புற்றே காணப்படவில்லை; மூன்றாமவர் அறுவைக்கு உடன்படவில்லை, ஆயினும் நலமாக இருந்தார். அன்றுமுதல் ஆசனவாய்ப் புற்றில் உறுப்பைக் காத்து நோயைத் தீர்க்கும் வழி பிறந்தது. எனினும் புற்று கலவாத வெறும் பெருமருவுக்குக் கதிர் கொடுப்பதில் மருத்துவர்கள் நெடுங்காலமாகத் தயக்கம் காட்டி வந்துள்ளனர். கதிர் பட்டபின் கொடிய புற்றாக மாறியதாகச் சில நிகழ்வுகள் எழுதப்பட்டமையே காரணம். அதற்கு முதன்மை மருத்துவம் அறுவையே.

நம் நோயாளிக்கு அறுவை செய்து, வயிற்றில் தற்காலிகத் துளை வைத்து, தொடைத் தோல் ஒட்டினோம். அகற்றியதை முழுவதும் துண்டு துண்டாக ஆராய்ந்த நோய்க்குறியியல் பேராசிரியர், புற்றிருந்த பகுதியின் விளிம்பு போதுமான அளவு தூய்மையாக இல்லை என்றார். ஆதலின் கதிரியக்கமும் மருந்தும் தொடர்ந்தன. பதினான்கு திங்களுக்குப் பின் ஓரிடத்தில் மரு மீண்டது, மீண்டும் அகற்றினோம். பெருமரு மீள்வது மிகவும் இயல்பு. அறுவையோடு தீர்ந்தது என்று வீட்டுக்குப் போனவர்களைத்தான் நாம் இழந்திருக்கிறோம். இவர் மூன்று திங்களுக்கு ஒருமுறை தவறாது வந்தார். வயிற்றுத் துளையை மூடிய அன்று, முதன்முறையாக நம் எதிரே நாற்காலியில் அமர்ந்தார். அவர் மனைவியையும் அழைத்துப் பரிசோதித்தோம். கருப்பை வாயில் புற்றுக்கு முந்திய நிலை இருந்தது. அதுவும் உரிய காலத்தில் நீக்கப்பட்டது. கணவனுக்குப் பார்க்கும்போது மனைவிக்கும் பார்க்க வேண்டும் என்பதற்கு அவர்களே எடுத்துக்காட்டு.

ஆண்குறியில் வரும் புற்றைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். முன்தோல் பின்னோக்கி வராத ஆடவர்க்கு அழுக்குத் தேங்கி, மருவும் உள்ளே மறைந்து, நோய் வெளித்தெரியாமலேயே முற்றும். முன்தோலில் மட்டும் இருந்தால் அதனை நீக்கினாலே போதும். மொட்டுப் பகுதியில் இருந்தால் அப்பகுதியை மட்டும் அகற்றலாம். முன்னெல்லாம் இரண்டு சென்டிமீட்டர் நல்ல பகுதியையும் சேர்த்துத் துணிப்பர். இப்போது அதனினும் குறைந்த விளிம்பே போதும் என்று தெளிந்துள்ளனர். நின்றுகொண்டு சிறுநீர் கழிக்குமளவு மிச்சம் வைக்க முடியுமா என்பதே நோயாளி கேட்கும் முதற்கேள்வி. முற்றிய நிலையில் முழுவதும் அகற்றிச் சிறுநீர் வழியை விரைக்குக் கீழே அமைக்க நேரிடும். இளைஞர் ஒருவருக்கு இதனை எடுத்துச் சொல்லும் நாள் மருத்துவனுக்கும் கெட்ட நாள்தான். இரண்டாண்டுக்கு முன் வந்திருந்தால் சிறு அறுவையோடு முடிந்திருக்கும் என்பது நம் நாவரை வரும், சொல்வதில்லை.

இனி அரையாப்பு. தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நம் மக்கள் அப்பெயரால் அறிவர். மறைவிடத்துப் புற்று அடுத்துச் சென்று தங்கும் இடம் அதுவே. புண்ணில் சீழ் பிடித்ததாலும் நெறி கட்டலாம். புற்று பரவியதாலும் கட்டலாம். முன்னர் சில வாரங்கள் மருந்து கொடுத்து, வீக்கம் வடிகிறதா என்று காத்திருப்பர். இன்று ஊசியால் உறிஞ்சிச் சோதித்து உடனே அறியலாம். புற்றிருப்பின் அந்நெறிகளையும் அகற்ற வேண்டும். பின்னாளில் கால் வீங்கும். ஆனால் உயிர் நிற்கும்.

இதனைக் கூறும்போது பிறிதொருவர் நினைவுக்கு வருகிறார். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்த மூதாட்டி. கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆனவர். பெண்ணுறுப்பின் வெளியிதழில் தோன்றிய மருவை ஆறு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். விடுதியில் தங்கிப் படித்த பேத்தி விடுமுறைக்கு வீடு சென்றபோது, பாட்டி துவைத்துக் காயப்போட்ட துணிகளைக் கண்டு ஐயுற்றுக் கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் அழுதபின் பாட்டி சொன்னாராம். அப்பெண்ணே கைபிடித்து அழைத்து வந்தாள். பள்ளி மாணவி அவள். புறநோயாளிச் சீட்டில் நோயின் பெயரைத் தானே தெளிவாக எழுதியிருந்தாள்.

இதழ்களில் இருந்ததை அகற்ற முடிந்திருக்கும். முன்பெல்லாம் இரு தொடை இடுக்கையும் பெண்ணுறுப்பையும் ஒரே பெரும் வெட்டாக அகற்றினர். புண் ஆறத் திங்கள் கணக்காகும். பின்னர் மூன்று தனி வெட்டுகளாகச் செய்யும் முறை வந்து துன்பம் பெரிதும் குறைந்தது. ஆனால் அவருக்கு வலப்புற அரையாப்பு ஏற்கெனவே உடைந்து புண்ணாகி, தொடையின் பெருந்தமனியைப் பற்றியிருந்தது. அறுவைக்கு இடமில்லை. கதிர் கொடுக்கத் தொடங்கிய பத்தாம் நாள் இரவு, அத்தமனி அரிபட்டு இரத்தம் பெருகி, அவர் இறந்தார். பேத்தி அப்போது படுக்கையின் அருகில் இருந்தாள். மறுநாள் நம்மிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஆத்தா மொதல்லயே சொல்லியிருந்தாப் பொழச்சிருக்குமுங்களா?" பொய் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆம் என்றோம். அந்த விடையை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் எண்ணுவதுண்டு.

அப்பெண் கேட்ட கேள்விதான் நம்மை இம்மேடைக்குக் கொணர்ந்தது. ஆதலால் முன்கூட்டியே செய்யத்தக்கவற்றைச் சற்று விரித்துரைப்போம்.

நமக்கு மிக அருகிலேயே உலகம் கற்றுக்கொண்ட ஒரு பாடம் நடந்தேறியிருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை மருத்துவமனையைச் சார்ந்து, திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களிடத்தில் ஓர் ஆய்வு நடைபெற்றது. பரிசோதனைக்குரிய பிரிவில் மட்டும் ஏறத்தாழ 49,000 பெண்கள். பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெண்மையாக மாறுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்த்தனர். நம் வீட்டுக் காடியில் உள்ள அமிலமே அது. 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவு: ஒரே ஒருமுறை செய்த இச்சோதனையால் கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. இச்சோதனை இன்று அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அதே நேரத்தில் வெளியுறுப்பில் மரு இருப்பின் அதனையும் காட்டிவிடலாம். அழைத்தும் வராத பெண்கள் அங்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்து, தடுப்பூசி. முதல் எச்.பி.வி. தடுப்பூசி 2006-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நம் நாட்டிலேயே புனே நகரின் சீரம் நிறுவனம் உருவாக்கிய செர்வாவாக் என்னும் ஊசி 2023 சனவரியில் வெளிவந்தது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரான காப்பு அதில் உண்டு. அதாவது மருவுக்கும் புற்றுக்கும் சேர்த்தே. இளம் பெண்களுக்கு ஒரே தவணைகூடப் போதுமான காப்பளிக்கும் என 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 14 வயதுச் சிறுமியர்க்கு இவ்வூசியைப் போடத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. பள்ளியில் படிவம் கொடுத்தால் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். இவ்வூசி பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும் என்ற வதந்திக்கு எவ்வித அடிப்படையும் இல்லை. வந்துவிட்ட மருவை இது போக்காது, வருமுன் காக்கும். ஆகவேதான் இளமையில் போடுகிறோம். ஆண் பிள்ளைகளுக்கும் இது பயன்படும். மகனுக்கும் போட வசதியுள்ளோர் போடுங்கள் என்பதே நமது கருத்து.

எச்.ஐ.வி. பற்றியும் ஒரு சொல். 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் அவர்களும் அவர்தம் மாணவி நிர்மலா அவர்களும் இந்நாட்டில் முதன்முதலாக அத்தொற்றைக் கண்டறிந்தபோது, அது மரணத் தீர்ப்பாக இருந்தது. 2004 ஏப்ரல் முதல் அரசே மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. மருந்தை ஒழுங்காக உண்போர் நெடுநாள் வாழ்கின்றனர். ஆனால் அவர்களுக்கு மரு பெருக்கும் வாய்ப்பும் புற்றாகும் வாய்ப்பும் மிகுதியாதலால், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மறைவிடத்தைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருந்து வாங்கச் செல்லும் நாளிலேயே கேளுங்கள்; கேட்டால்தான் பார்ப்பார்கள்.

செலவுக்கு அஞ்சி வராமல் இருப்போர் பலர். கோவை திருச்சி சாலையிலுள்ள பெரியாஸ்பத்திரியில், 1966-இல் தொடங்கிய நம் மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அம்மருத்துவமனையில், பால்வினை நோய்ப் பிரிவும் அறுவைப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் உள்ளன. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையம் உண்டு. அங்குச் சொல்வது வெளியே போகாது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தார், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன் பெறலாம். புற்றுநோய் அறுவையும் கதிரியக்கமும் அதில் அடங்கும். குடும்ப அட்டையும், கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் வேண்டும். சென்னைக்குச் செல்ல வேண்டிய நிலை வந்தால் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. தம் இளைய சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி அம்மையார், பலர் நகைத்தும் கேளாமல் 1954-இல் ஓலைக் கொட்டகைகளில் தொடங்கிய நிலையம் அது.

மருத்துவமனையில் எவரேனும் தொடாமல், பாராமல், மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினால் அங்கிருந்து எழாதீர்கள். 'பார்த்துவிட்டு எழுதுங்கள்' என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியாகக் கேட்கக் கூச்சமாயின் படித்த பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். இச்சங்கத்தின் விடுதியில் பயின்று செவிலியராயும் ஆய்வகப் பணியாளராயும் உள்ளோர் இவ்வரங்கிலேயே சிலர் இருக்கின்றனர். அவர்களுடைய பெயர்களையும் பணிபுரியும் இடங்களையும் அலுவலகப் பலகையில் எழுதி வைக்குமாறு செயலாளரிடம் கேட்டுள்ளோம், இசைந்துள்ளார்.

இவ்வரங்கு முடிந்தபின், நூலகத்தை அடுத்த அறையில் பெண் மருத்துவர் ஒருவரும் செவிலியர் இருவரும் மாலை ஆறு மணி வரை இருப்பர். ஆடவர்க்கு எதிர்ப்புற வகுப்பறையில் நாம் இருப்போம். வாயிலில் எவரும் பெயர் கேட்கமாட்டார்கள். இரண்டு அறைகளுக்கும் பின்புறமாக வேறு வழி உண்டு; பந்தலில் அமர்ந்திருப்போர் கண்ணில் படாமல் அவ்வழியே செல்லலாம்.